கொழுப்பு குறைந்தால் தண்ணீர்தான் காரணமா?

பால் சொசைட்டியில் ஒருவருடைய பாலின் கொழுப்பு 4-லிருந்து 3-க்கு இறங்கிவிட்டால் முதல் சந்தேகம் தண்ணீர் மீது விழுகிறது, அடுத்தது மாட்டின் இனத்தின் மீது. கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனப்படும் இதர திடச்சத்தையும் பார்த்தே விலை போடுவதால், இந்தச் சந்தேகம் ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் மானத்தையும் தொடும் விஷயம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. தீவனத்திலுள்ள ஒருவகை எண்ணெய்ச்சத்திலிருந்து மாட்டின் வயிற்றில் உருவாகும் பொருள், மடியில் கொழுப்பை உண்டாக்கும் மரபணுக்களையே அடக்கிவிடும். இது தெரியவந்து கால் நூற்றாண்டு ஆகியும், தீவனம் விற்பவரும் பாலைச் சோதிப்பவரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

தீவனத்தால் பால் கொழுப்பு குறைவதை பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ 1845-லேயே பதிவுசெய்தார். நார்ச்சத்து குறைந்தால் மாட்டின் பெருவயிற்றில் அசிட்டிக் அமிலம் குறைகிறது, கொழுப்புக்கு அதுதான் மூலப்பொருள், ஆகவே கொழுப்பும் குறைகிறது என்ற விளக்கம் பின்னர் நெடுங்காலம் நிலவியது. தீவனத்தை அடுப்பில் வைக்கும் விறகாகப் பார்க்கும் பார்வை அது. ஆனால் அந்த அமிலத்தின் உப்பான அசிட்டேட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தும் கொழுப்பு முழுமையாக மீளவில்லை. விடை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பௌமன் குழுவிடமிருந்து 2000-இல் வந்தது. பருத்திக்கொட்டை, சோயா, மக்காச்சோளம் ஆகியவற்றின் எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. பெருவயிற்று நுண்ணுயிரிகள் அதில் ஹைட்ரஜனை ஏற்றிப் படிப்படியாக மாற்றுகின்றன. மாவுச்சத்து மிகுந்து, நார் குறைந்து, பெருவயிறு புளித்துப்போனால் இந்த மாற்றம் தடம் புரள்கிறது. டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற வகை லினோலிக் அமிலம் அப்போது உருவாகிறது. அதை நாளுக்கு 10 கிராம், பெருவயிற்றைத் தாண்டி நான்காம் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். நான்கே நாளில் பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, பாலின் அளவில் பெரிய மாற்றமில்லை. அவ்வளவு பெரிய உடலில் 10 கிராம் உணவு என்பது ஒன்றுமே இல்லை. அது இரையாக வேலை செய்யவில்லை, கட்டளையாக வேலை செய்தது. மடியில் எஸ்.ஆர்.ஈ.பி.பி.-1 என்ற புரதம், கொழுப்புக்கான நொதிகளின் மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடுகிறது. அந்தப் புரதம் மட்டுப்பட்டதும், கொழுப்பைப் புதிதாகக் கட்டும் நொதி, ரத்தத்திலிருந்து கொழுப்பை மடிக்குள் இழுக்கும் நொதி என எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. மரபணு அப்படியேதான் இருக்கிறது, அதன் வேலைதான் முடங்குகிறது.

கலப்பினப் பசுவுக்குக் கொழுப்பு குறைவாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். இனம் ஓர் எல்லையை வகுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் 4 காட்டிய அதே பசு இந்த மாதம் 3 காட்டுவதற்கு இனம் பதில் சொல்லாது. வைக்கோல் தின்னும் நம் மாட்டுக்கு, தானியம் தின்னும் அமெரிக்க மாட்டின் ஆய்வு பொருந்துமா என்பது இதைவிட வலுவான கேள்வி. வைக்கோலும் தட்டையும் வயிறார மேயும் மாட்டுக்கு இந்தச் சிக்கல் அரிதுதான். பசுந்தீவனம் கிடைக்காத கோடையில், மக்காச்சோள மாவு, சோற்றுக்கஞ்சி, பருத்திக்கொட்டை என்று ஏற்றிக்கொண்டே போகும் நகர்ப்புறத் தொழுவத்துக்கு அந்த ஆய்வு நன்றாகவே பொருந்தும். அங்கே கொழுப்பைக் கூட்டுவதாக நினைத்துக் கொட்டும் கூடுதல் பருத்திக்கொட்டையே கொழுப்பைக் குறைத்துவிடலாம்.

தண்ணீரா, தீவனமா என்பதைச் சோதனையிலேயே ஓரளவு பிரித்தறியலாம். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.-உம் சேர்ந்து இறங்கும். தீவனக் கோளாறில் கொழுப்பு மட்டும் விழும், எஸ்.என்.எஃப். ஏறக்குறைய நிற்கும். ஆடை எடுத்த பாலும், கடைசிப் பாலைக் கறக்காமல் விட்டதும் இப்படியே காட்டுமே என்றால், காட்டும். எனவே ஒரு நாள் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாவைக் குறைத்து நாரைக் கூட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் கொழுப்பு திரும்பும். அதுவரை பொறுத்துப் பார்ப்பதில் சொசைட்டிக்கு நட்டமில்லை. தீவன மூட்டையில் மொத்தக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றுதான் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். அது எந்த எண்ணெயிலிருந்து வருகிறது என்பதையும், லினோலிக் அமிலம் எவ்வளவு என்பதையும் அச்சிடச் சொல்லி கால்நடைப் பராமரிப்புத் துறை உத்தரவிட வேண்டும். கொழுப்பு மட்டும் விழுந்த பாலைக் கொண்டுவரும் விவசாயியிடம், தண்ணீர் பற்றிய பேச்சை எடுக்கும் முன், மாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்று சொசைட்டிப் பணியாளர்கள் கேட்க வேண்டும்.