சாலைத் தோழமை

மனைக்கு மதில் உண்டு. வயலுக்கு வரப்பு உண்டு. இஃது எனது, அஃது உனது என்று பிரித்துக்காட்ட அவை உதவுகின்றன. சாலைக்கோ அத்தகைய பிரிவு இல்லை. செல்வரும் வறியரும், முதியவரும் சிறுவரும், உள்ளூராரும் வெளியூராரும் ஒருங்கே செல்லும் இடம் அது. பெயரும் ஊரும் அறியாத ஒருவர்க்கு நாம் கணப்பொழுதில் வழிவிட வேண்டியிருக்கிறது. அவரும் நமக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. வீட்டிற் பெற்றோர் முன்னும் பள்ளியில் ஆசிரியர் முன்னும் பணிவாக இருத்தல் எளிது. நம்மை இன்னார் என்று அறியாதவர் நடுவே நாம் எவ்வாறு ஒழுகுகிறோம் என்பதில்தான் நம் பண்பு உள்ளவாறு புலப்படும். ஆதலின், சாலையைப் பண்பின் உரைகல் என்று கூறுதல் பொருந்தும்.

சாலையிற் செல்வோருள் மிதிவண்டியில் செல்வோரின் நிலை தனித்தன்மை உடையது. நடப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் செல்வார். மிதிவண்டியாளர் ஏறத்தாழ மும்மடங்கு விரைவிற் செல்வார். பேருந்தும் லாரியும் அவரினும் பன்மடங்கு விரைவும் எடையும் உடையவை. பேருந்து உராய்வதுபோல் அருகே கடக்கும்பொழுது மிதிவண்டியாளர் அஞ்சி ஒதுங்குகிறார். அவரே சந்தைத் தெருவிற் புகுந்தால், கூடை சுமந்து நடக்கும் மூதாட்டி அவரைக் கண்டு அஞ்சி ஒதுங்குகிறாள். ஒரே மனிதர் ஒரே நாளில் மெலியவராகவும் வலியவராகவும் இருக்கிறார்! அச்சம் இன்னது என்பதைத் தாமே உணர்ந்த ஒருவர் பிறரை அஞ்சச் செய்யலாமா? இந்நிலைக்கென்றே அமைந்தது போன்ற குறள் ஒன்று, ‘அருளுடைமை’ அதிகாரத்தின் இறுதியில் உள்ளது. மாணவர்கள் அதனை எடுத்துப் படித்து, இங்குக் கூறியதனோடு பொருத்திக் காண்பார்களாக.

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மிதிவண்டிக்கு முன்னோடியான இருசக்கர வண்டியைக் கார்ல் வான் டிரைஸ் என்னும் ஜெர்மானியர் 1817ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார். அவ்வண்டிக்கு மிதிகட்டை இல்லை. அதன்மேல் அமர்ந்தவாறே கால்களால் தரையை உந்திச் செல்லவேண்டும். அக்காலச் சாலைகள் வண்டித்தடம் பதிந்து மேடுபள்ளமாய்க் கிடந்தமையால், ஓட்டியவர் பலரும் மக்கள் நடப்பதற்கென அமைந்த பாதையிற் புகுந்தனர். நடப்போர் இடையூறுற்றனர். விளைவு யாது? நடைபாதையில் அவ்வண்டியை ஓட்டலாகாது என நகரங்கள் சில தடைவிதித்தன. மக்கள் போற்றியிருக்க வேண்டிய புதுமை, பிறந்த சில ஆண்டுகளிலேயே மக்களின் வெறுப்புக்கு இலக்காயிற்று.

பின்னர் 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், சங்கிலியாற் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியைச் செய்தார். 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கண்டார். இவற்றால் மிதிவண்டி யாவரும் ஏறத்தக்க ஊர்தியாயிற்று. நம் நாட்டிலும் அதனை உற்பத்தி செய்யும் தொழில் வளர்ந்தது; சென்னையில் 1949ஆம் ஆண்டிலேயே அத்தகைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பெற்றது. தபால்காரரும் பால்காரரும் ஆசிரியரும் தொழிலாளரும் மிதிவண்டியைத் தம் வாழ்வின் துணையாகக் கொண்டனர்.

இவ்வூர்திக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மோட்டார் வண்டி ஓட்டுவோர் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, உரிமம் பெறவேண்டும். அவர்தம் வண்டிக்குப் பதிவெண் உண்டு. மிதிவண்டிக்கோ உரிமமும் இல்லை, எண்பலகையும் இல்லை. முன்னாளில் நகராட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டுவரி பெற்று வில்லை வழங்கின. இரவில் விளக்கின்றி வந்தாலும், ஒரு வண்டியில் இருவர் ஏறி வந்தாலும் காவலர் தடுத்து நிறுத்துவர். அவ்வழக்கம் இன்று மறைந்துவிட்டது. இடப்புறமாகச் செல்லுதல், குறிவிளக்குக்குக் கட்டுப்படுதல் ஆகிய விதிகள் மிதிவண்டிக்கும் உண்டு. ஆயினும், அவற்றை மீறிச் செல்லும் மிதிவண்டியாளரைத் தேடிப் பிடிப்பார் அரியர். சட்டத்தின் கண் அவ்வளவாகப் படாத இடத்தில், தன் மனமே தனக்குக் காவலாக நிற்கவேண்டும்.

அங்ஙனமாயின், மிதிவண்டியாளர்க்குரிய பண்புகள் யாவை? முதலில் மணியை எடுத்துக்கொள்வோம். மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது. பின்னால் அது வருவதை நடப்பவர் அறியார். மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டி ஒரு நொடியில் நான்கு மீட்டர் கடந்துவிடும். ஆகவே, மணியைத் தொலைவிலேயே ஒருமுறை மெல்ல ஒலித்தால், நடப்பவர் அமைதியாக ஒதுங்குவர். முதுகுக்குப் பின்னே வந்து திடுமென அடித்தால், அவர் திடுக்கிட்டு எப்பக்கம் நகர்வார் என்று சொல்ல முடியாது. வண்டி வரும் பக்கமே நகர்ந்து வீழ்தலும் கூடும். ஒரே மணி, தொலைவில் ஒலித்தால் அது வேண்டுகோள், அருகில் ஒலித்தால் அஃது அதட்டல். மழைநாளில் இன்னும் விழிப்பு வேண்டும். சக்கர வளையம் நனைந்தால் பிரேக்கு வழுக்கும். நின்றுவிடும் என்று எண்ணிய இடத்தில் வண்டி நில்லாது.

வலப்புறம் திரும்ப விரும்புவோர் முன்னரே பின்னோக்கிப் பார்த்து, வலக்கையை நீட்டிக் காட்டித் திரும்புதல் வேண்டும். பள்ளத்தைக் கண்டதும் சட்டென வளைந்தால், பின்னால் வருபவர் நிலைகுலைவார். இரவில் விளக்கேற்றிச் செல்வது நமக்கு வழி தெரிவதற்காக மட்டும் அன்று. நாம் வருவது பிறர்க்குத் தெரிவதற்காகவும் ஆகும். பின்புறத்துச் சிவப்பு வில்லையைத் துடைத்து வைப்பதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம், பின்னால் வரும் லாரி ஓட்டுநரைப் பெரும்பழியினின்றும் காக்கக் கூடும்.

மிதிவண்டியாளர் தமக்குள்ளும் வேறுபாடு அறிந்து ஒழுகவேண்டும். பின்னே பாற்கேன்களைத் தொங்கவிட்டு வருபவரையும், இளநீர்க் குலைகளைக் கட்டி வருபவரையும் காண்கிறோம். அத்தகையோர் நினைத்தவுடன் நிற்க முடியாது. நின்றால் மீண்டும் ஏறிப் புறப்படுவதற்குப் பெரிதும் முயலவேண்டும். சுமையின்றி வருபவர் அவர்க்கு வழிவிடுதலே முறை. மேட்டில் ஏறுபவர்க்கு இறக்கத்தில் வருபவர் ஒதுங்கி வழிவிடுவதும் அத்தகையதே. வண்டிகளை நிறுத்துமிடத்திலும் இப்பண்பு வேண்டும். ஒருவர் தம் வண்டியை அவசரமாக இழுக்கும்பொழுது வரிசை முழுவதும் சாய்ந்துவிடுகிறது. பலர் அதனைப் பார்த்தும் பாராதவர் போல் போய்விடுகின்றனர். சாய்ந்தவற்றைத் தூக்கி நிறுத்திச் செல்பவர் யார் என்பதை அங்கு ஒருவரும் குறித்துக்கொள்வதில்லை. ஆயினும், அவரே பண்பாளர்.

இனி நட்பைப் பற்றிப் பார்ப்போம். மாலையில் பள்ளி விட்டதும் மாணவர் மூவரும் நால்வருமாகக் கைகோத்தாற்போல் ஒரே வரிசையில் மிதிவண்டிகளை ஓட்டிச் செல்வதைக் காணலாம். அவர்கள் நண்பர்கள், உரையாடி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால், அவர்தம் நட்பு சாலையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. பின்னே வருபவர் மணியடித்தாலும் அவர்தம் சிரிப்பொலியில் அது கேளாது. தம்முள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நாற்பது பேரைத் தள்ளிவைக்கும் நட்பு குறையுடையதே. உண்மையான சாலைத் தோழமை, அறியாதவரையும் அணைத்துக்கொள்வது. சங்கிலி கழன்று வழியில் நிற்பவரைக் கண்டால் இறங்கிக் கைகொடுத்தல், டயரில் காற்று இறங்கித் தள்ளிக்கொண்டு செல்பவருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை எங்குள்ளது என்று சொல்லுதல், எதிரே வருபவரை நோக்கி ஒரு புன்முறுவல் செய்தல் ஆகியன எல்லாம் அதன்பாற்பட்டவை. காருக்குள் இருப்பவர் முகம் கண்ணாடிக்குப் பின்னே மறைகிறது. மிதிவண்டியாளர் முகமோ யாவர்க்கும் தெரிகிறது. முகம் நோக்கிச் செல்லும் பேறு பெற்ற ஊர்தி இஃது ஒன்றே எனலாம்.

இத்தோழமை எத்துணை ஆற்றல் உடையது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று பகரும். அங்கே 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்பொழுது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஒரு கூறாக ஆக்கினார். வயலில் உழைத்த மகளிரும், கல் உடைத்த மகளிரும், செவிலியரும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கிற் கற்றனர். ஒருத்தி கற்றாள், கற்றவள் மற்றொருத்திக்குக் கற்பித்தாள். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, பேருந்துக்குக் காத்து நில்லாமல் அவர்கள் தம் வழியே சென்றனர்.

தொடக்கத்தில் அவர்களை ஏளனம் செய்தோர் உண்டு. தகாத சொல் சொன்னோரும் உண்டு. ஒருத்தி தனியே சென்றிருந்தால், அச்சொல்லுக்கு நாணி மறுநாள் வண்டியைத் தொடாமல் இருந்திருப்பாள். பலராய்ச் சேர்ந்து சென்றமையால் ஏளனம் ஓய்ந்தது. இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. சாலை யாவர்க்கும் பொது என்று சட்டம் சொல்லிவிடும். ஆனால், அச்சாலையில் அஞ்சாமற் செல்வோர் யார், அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவோர் யார் என்பதை, உடன் செல்வோரின் நடத்தையே முடிவு செய்கிறது.

இதனை மாணவர்கள் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கி வருகிறது. சிற்றூரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வந்து படிக்கும் பெண்ணுக்கு அவ்வண்டியே பள்ளிக்கு வழி. அவளை உரசுவது போல் வண்டியை விரைந்து ஓட்டுவதும், பின்னால் நின்று மணியை விடாமல் அடிப்பதும், குறுக்கே வெட்டிச் சென்று நகைப்பதும் சிலர்க்கு விளையாட்டாகத் தோன்றலாம். அவ்விளையாட்டால் அவள் ஒருநாள் அழுதுகொண்டு வீடு திரும்பினால், “இனிப் பள்ளிக்குப் போகவேண்டாம்” என்று பெற்றோர் சொல்லிவிடவும் கூடும். ஒரு நொடிப் பண்பின்மை ஒருத்தியின் படிப்பையே பறித்துவிடும். அதனினும் பெரிய இழப்பு வேறு யாது?

“பெரிய வண்டிகள் எங்களை மதிப்பதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் பிறரை மதிக்கவேண்டும்?” என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை இல்லாத சாலைகளே மிகுதி. அக்குறையைப் போக்குமாறு கேட்டல் நம் உரிமை. நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் 3000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோரும் மிதிவண்டியாளரும் ஒன்றுகூடிக் குரலெழுப்பினர். அதன் பயனாக நாடெங்கும் மிதிவண்டிப் பாதைகள் பெருகின.

எனினும், பாதை அமைத்ததோடு அந்நாட்டார் நின்றுவிடவில்லை. தொடக்கப் பள்ளிச் சிறுவர், சாலை விதிகளில் எழுத்துத் தேர்வும், தெருவில் மிதிவண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் கொடுக்கின்றனர். ஏன்? தனிப்பாதையிலும் முதியவர் மெல்லச் செல்வர். இளைஞர் விரைந்து செல்வர். சிறுவர் வளைந்து செல்வர். அங்கும் விட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது. பாதையை அரசு அமைத்துத் தரலாம். அதில் ஒழுகும் பண்பை ஒவ்வொருவரும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மேலும், நம்மை மதியாதவரைக் காரணம் காட்டி நம்மினும் மெலியவரை நாம் மதியாதிருப்பது, ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றொருவரைத் தண்டிப்பதாகும். பேருந்து செய்த பிழைக்கு மூதாட்டி என்ன செய்வாள்?

மாணவர்களே! நாளைக் காலையிலும் நீங்கள் மிதிவண்டியில் ஏறிப் பள்ளிக்குப் புறப்படுவீர்கள். ஏறுமுன் மணியும் பிரேக்கும் விளக்கும் செவ்வனே உள்ளனவா என்று பாருங்கள். சாலையில் நடப்பவர்க்கு வழிவிடுங்கள். சுமை கொண்டு வருபவரை முன்னே செல்ல விடுங்கள். தனியே வரும் சிறுவரும் சிறுமியரும் உங்களைக் கண்டதும் அச்சம் நீங்குமாறு செல்லுங்கள். ஐந்து நிமிடம் பிந்திச் சேர்வதால் இழப்பு ஒன்றும் இல்லை. உங்களோடு புறப்பட்டவர் அனைவரும் நலமாக வந்து சேர்ந்தனர் என்பதே அன்றைய பயணத்தின் நிறைவு.