ஒட்டுப் போட்ட ரத்தக்குழாய்

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்க மாமியாருக்கு நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு போச்சுன்னு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. துணியில குழாய் வெச்சுத் தெச்சிருக்காங்களாம். இனி பழையபடி நடமாடுவாங்களுங்களா?"

நடமாடுவார் அம்மா, பெரும்பாலோர் நடமாடுகிறார்கள்.

இருதயத்திலிருந்து கிளம்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறதே, அதுதான் பெருந்தமனி. அதன் சுவருக்கு மூன்று அடுக்கு. ரத்தக் கொதிப்பு வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் உள்ளடுக்கு ஓரிடத்தில் கிழியும். சில குடும்பங்களில் குழாயே பிறவியில் பலவீனம். ரத்தம் கிழிசலில் புகுந்து, ரவிக்கையின் உள்துணி பிரிவது மாதிரி அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். கீழ்ப்பகுதியில் மட்டும் கிழிந்தால் பலருக்கு மருந்தே போதும். இருதயத்தை ஒட்டிய பகுதி என்றால் உடனே ஆபரேஷன். முதல் இரண்டு நாளில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து.

பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2000ல் வெளியிட்ட கணக்கில், இப்படி மேல்பகுதி கிழிந்து ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 26 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஆபரேஷன் இல்லாதவர்களில் 58 பேர். பிறகு அந்த 26 இன்னும் குறைந்திருக்கிறது. பிழைத்து வீடு திரும்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மூன்று வருஷம் கழித்தும் உயிரோடு இருந்ததாக அதே குழுவின் பிந்திய கணக்கு சொல்கிறது. உங்கள் மாமியார் தாண்டியதுதான் கஷ்டமான கட்டம்.

அந்தத் துணி வேறொன்றுமில்லை, நம் வீட்டு டெரிலின் சட்டையின் இனம்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் மைக்கேல் டிபேக்கி, 1950களில் கடையில் துணி வாங்கி, மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். தையல் கற்றுக் கொடுத்தது அவருடைய அம்மா! அவருக்கே 2005 டிசம்பர் 31ந் தேதி, 97 வயதில் இதே கிழிசல் வந்தது. வயதை நினைத்து டாக்டர்கள் தயங்க, மனைவி பிடிவாதமாக நின்று 2006 பிப்ரவரியில் ஆபரேஷன் செய்ய வைத்தார். 2008 ஜூலை வரை, 99 வயது வரை இருந்தார்.

நம் ஊர்ப் பெண்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. திடீரென்று கத்தியால் கிழிப்பது போல நெஞ்சிலோ, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். இந்தக் கிழிசலில் பெண்கள் தாமதமாகப் போவதும், ஆண்களைவிட அதிகம் இறப்பதும் வெளிநாட்டிலும் பார்த்த விஷயம்தான். அப்படி வலித்தால் 108ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் நெஞ்சை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இனி மாமியாருக்கு: கொதிப்பு மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. "இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்று அவரே நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்க விடாதீர்கள். மலச்சிக்கலும் ஆகாது, முக்கும்போது கொதிப்பு ஏறும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே பழைய குழாய் பிரிந்தபடியே இருக்கலாம் என்பதால் டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேன் அவசியம். உங்கள் வீட்டுக்காரரும், அவர் கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும். பழைய ஸ்கேன் படங்களைப் பரணில் போடாமல் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை குழாயின் அளவை அதோடுதான் ஒத்துப் பார்ப்பார்கள்.