மூலையில் ஒரு பூ

2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் லைன் வீடுகளில், பழம்புடவையை அடுக்கித் தைத்த போர்வையைத் தரித்திரத்தின் சின்னமாகவே கருதிப் பழகிவிட்ட நம்மவர்க்கு, இதே கர்நாடகத்தின் யல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள், முன்கூட்டி எந்தச் சித்திரமும் வரையாமல், விளிம்பிலே ஊசியைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மத்தியை நோக்கித் தைத்துச் செல்லும் கவந்தி என்னும் ஒட்டுப் போர்வையை நான் சிபாரிசு செய்கிறேன். ஆப்பிரிக்க வம்சத்தவரான அவர்கள், எஞ்சிய துண்டுகளையும் சிறு சதுரங்களாக மேலே வைத்துத் தைத்து, நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைத்த பிறகே வேலை பூர்த்தியாயிற்று என்பார்கள். பூவில்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு நிர்வாணம்! இந்தக் கலைக்கென்று 2004-இல் ஒரு கூட்டுறவு அமைப்பு தோன்றுவதற்கும் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் வரவேண்டியிருந்தது. நந்திதுர்க் பாட்டிமாரின் போர்வைகளையாவது நாமே முந்திக்கொண்டு ஆதரிப்போமாக.