புதைக்க முடியாத சொற்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு மெக்சிக வழிவந்த பிள்ளைகளுக்கென்றே தனியாக நடத்தப்பட்டது பிளாக்வெல் பள்ளி. 1954ஆம் ஆண்டில் அப்பள்ளி மாணவர்கள், ஸ்பானியச் சொற்களைத் தாள்களில் எழுதி, மண்ணில் குழிதோண்டிப் புதைக்குமாறு செய்யப்பட்டனர். தாய்மொழியைத் துறந்தால்தான் பிள்ளைகள் புதிய சமூகத்தோடு ஒன்றுவர் என்பது அன்றைய கல்வியாளர் பலரின் கருத்து. அக்கருத்து பிழையானது.

மெக்சிகக் குடும்ப வாழ்வைத் தாங்கும் தூண்கள் இரண்டு. தன்னலத்தினும் குடும்ப நலனை முன்னிறுத்தும் 'ஃபமிலிஸ்மோ' ஒன்று. மூத்தோரைப் போற்றும் 'ரெஸ்பெத்தோ' மற்றொன்று. 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் ஸ்பானியத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்தான். மொழியைப் புதைத்தால், பாட்டியை மதிப்போடு விளிக்கும் சொல்லும் அதனோடு புதைந்துபோகும். வீட்டில் பேச்சு குன்றினால், வெளியுலகில் ஏளனத்திற்கு ஆளாகும் வளரிளம் பருவத்தினர் யாரிடம் ஆறுதல் தேடுவர்?

குடும்பப் பற்று சுமையாவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆங்கிலம் அறியாத பெற்றோருக்காக மருத்துவமனையிலும் வங்கியிலும் மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. அப்பணி சிலருக்குத் தன்னம்பிக்கை தருகிறது. ஆயினும், தாயின் கொடிய நோயை மருத்துவர் கூற, அதைத் தாயிடமே எடுத்துரைக்க நேரும் மகளின் நிலை என்ன? அங்கே பிழை குடும்பப் பாசத்தினுடையது அன்று. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தாத நிறுவனத்தினுடையது. நெருக்கடி வேளையன்றிச் சிறாரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என, நடுவணரசின் நிதியுதவி பெறும் மருத்துவ நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு 2016இல் விதி வகுத்தது. உறவை அறுக்காமல் சுமையை மட்டும் இறக்கும் வழி இதுவே.

ஒத்துவாழ்தல் என்பது ஒருவர் மட்டும் வளைந்துகொடுப்பதன்று. பிள்ளைகள் ஆங்கிலம் கற்று ஓரடி முன்வைக்கும்போது, பள்ளியும் அவர்தம் மொழியை மதித்து ஓரடி முன்வர வேண்டும். மார்ஃபாவில் அன்று புதைத்த சொற்களை, 2007இல் முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடி அடையாளமாகத் தோண்டியெடுத்தனர். 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பள்ளியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்க வழிசெய்தது. அரை நூற்றாண்டு கடந்தும் தேடிவந்து மீட்கப்பட்ட மொழி, அம்மக்களின் வாழ்வுக்குத் தடையாக அன்று, வேராகவே இருந்திருக்கிறது.