சத்திரத்துச் சாப்பாடு

தர்மச் சத்திரத்தில் உண்டுவிட்டு, ரசத்தில் உப்பில்லை என்று சமையற்காரரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருள் உலகிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. 'எக்ஸ்இஸட்' என்று கோப்புகளைச் சுருக்கும் இலவசக் கருவி ஒன்று. சம்பளமில்லாமல் பெரும்பாலும் தனியொருவரே அதைப் பராமரித்து வந்தார். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று 2022இல் சில குரல்கள் அவரை நெருக்கின. களைத்தவர், உதவ வந்த ஆளுக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். வந்தவர் 2024இல் அதற்குள் கள்ளக் கதவு வைத்தார். செர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதை ஆந்த்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் தப்பினோம்.

நெருக்கிய குரல்களே சதிகாரரின் வேஷம் என்று சந்தேகிக்கிறார்கள். இருக்கட்டும். அந்த வேஷம் அன்று யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லையே, ஏன்? நாம் பேசுகிற பேச்சாகவே அது இருந்ததால்தான்! காசு கொடுக்க மனமில்லையா, போகட்டும், வாயையாவது அடக்கக்கூடாதா?