பெயர் எழுதாத பை

ஓபன்எஸ்எஸ்எல் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சாவி நீளத்தையும் கணிதத்தையும்தான் பேசுவார்கள். அதற்குள் 'எக்ஸ் டேட்டா' என்று ஒரு மூலை இருக்கிறது. அதை யாரும் திட்டுவதில்லை. திட்ட வேண்டும்.

சமாச்சாரம் இதுதான். சர்வர் எழுதுபவர் ஒவ்வொரு இணைப்போடும் தன் சொந்தத் தகவலை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும்: எந்த வாடிக்கையாளர், சான்றிதழ் சங்கிலி எவ்வளவு நீளம் போகலாம், இப்படி. இணைப்பின் ஸ்ட்ரக்சரோ நூலகத்தின் சொத்து. 2016-ல் வந்த 1.1.0 வெர்ஷனிலிருந்து அதற்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. எனவே நூலகம் ஓர் எண் தரும். அந்த எண்ணில் ஒரு வாய்டு பாயின்டரை வைத்துவிட்டு, அதே எண்ணைச் சொல்லித் திரும்ப எடுக்கலாம்.

ஏற்பாடு தேவைதான், அதில் சண்டையில்லை. சண்டை அந்த 'வாய்டு' மேல். உள்ளே இருப்பது என்ன வகை என்று எங்கும் பதிவாகாது. விவரம் எழுதாத வவுச்சருக்கும் கையெழுத்துப் போடும் கணக்கர் மாதிரி, கம்பைலர் எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். சான்றிதழைச் சரிபார்க்கும் கால்பேக்கில் இது இரட்டிப்பு: முதலில் ஒரு பையிலிருந்து இணைப்பை எடுக்க வேண்டும், பிறகு இணைப்பின் பையிலிருந்து தகவலை. இரண்டுமே குருட்டு நம்பிக்கை. எதிர்முனையை நம்பலாமா என்று முடிவாகும் இடம் அது!

நகலெடுப்பது இன்னும் மோசம். நகல் ஃபங்ஷன் தராவிட்டால் முகவரி மட்டும் நகலாகும். விடுவிக்கும் ஃபங்ஷனை மட்டும் தந்திருந்தால் ஒரே மெமரி இரண்டு முறை விடுவிக்கப்படும்.

"சி மொழி அப்படித்தான், கவனமில்லாதவன் ஏன் தொடுகிறான்?" என்பார்கள். சரி, நூலகத்தை எழுதியவர்கள் கவனமாக இருந்தார்களா? நகல் ஃபங்ஷனுக்கு வரும் ஒரு பாராமீட்டர் உண்மையில் பாயின்டருக்குப் பாயின்டர். அறிவிப்பிலோ வெறும் வாய்டு பாயின்டர். 1.1.1-ன் கையேடே, இந்த அறிவிப்பு தவறு, பயன்படுத்துபவரே கேஸ்ட் செய்துகொள்ள வேண்டும், பின்னால் மாற்றப்படும் என்று ஒப்புக்கொண்டது. திருந்தியது 2021-ல், 3.0-ல். கம்பைலர் ஒரு முறைகூட முனகவில்லை, வாய்டு ஆயிற்றே...

இத்தனைக்கும் அதே நூலகத்தின் ஸ்டாக்குகளுக்கு வகைவாரியாக மேக்ரோ உண்டு. சான்றிதழ் ஸ்டாக்கில் வேறெதையாவது தள்ளினால் கம்பைலர் எச்சரிக்கும். அதே வித்தையை இங்கும் செய்யலாம், ஓடும்போது கூடுதல் செலவும் கிடையாது. அதுவரை அவரவர் புராஜெக்டில் வைக்க ஒன்று, எடுக்க ஒன்று என இரண்டு சின்ன ஃபங்ஷன் எழுதி, கேஸ்ட்டை அதற்குள் அடைத்துவிடுவதுதான் வழி. கையேட்டின் மாதிரி நிரல் அதைக்கூடச் செய்து காட்டவில்லை.