சொல்லால் கட்டிய வீடு

நம் இல்லத்துப் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். தமிழெழுத்தைக் கண்டால் விலகுகின்றனர். இக்குறைக்கு ஒரு விளையாட்டு துணைசெய்யும் என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்னும் கணினி வல்லுநர், மணமுறிவினால் பிரிந்திருந்த தம் பெண்மக்களுக்காக 1976ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கணினி விளையாட்டு எழுதினார். தாம் அளந்து வரைந்த கென்டக்கி மாநிலத்து மாமத் குகையையே அதில் அமைத்தார். படம் ஒன்றுமில்லை, யாவும் சொற்களே. படித்தால்தான் வழி புலப்படும்.

இன்று இதனை நாமே தமிழில் செய்யலாம். 2009இல் வெளிவந்த 'ட்வைன்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் அறைக்கு ஒரு பத்தி எழுதுக. 'கிணற்றடி' என்னும் சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுக. அச்சொல்லே வாயிலாகும், அப்பெயரில் புதிய அறையும் தானே தோன்றும். சாவி எடுத்ததை நினைவிற்கொள்ள ஒரு கட்டளை. சாவி இருந்தால் கதவைத் திறக்க மற்றொன்று. தொடக்கத்துக்கு இவையே போதும்.

முதலில் காகிதத்தில் அறைகளை வரைந்துகொள்க. அறைக்கு மூன்று வாக்கியம் போதும். கதவு திறவாவிடில் காரணத்தைக் குறிப்பாகவேனும் சொல்லுக. இன்றேல் பிள்ளை சலித்துவிடும்.

எதை எழுதுவது? ஊரிலுள்ள பாட்டி வீட்டையே எழுதலாம்: திண்ணை, ரேழி, முற்றம், கிணற்றடி. இரண்டு அறைகளைப் பெற்றோர் எழுதி, மூன்றாவதைப் பிள்ளையிடம் விட்டுவிடுக. படிக்க மறுத்த பிள்ளை எழுதவும் தொடங்குமாயின், அதனினும் வேறு பயன் வேண்டுமோ?